சின்னத் தொட்டிக்குள் கடல்: வாசகர் கேள்விகள்

போன இதழில் என் பவளத் தொட்டியைப் பற்றி, அதாவது உயிருள்ள பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி, நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி ‘நானும் வைக்கலாமா?’ என்பது. மீதி ‘வைத்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?’ என்பது. இரண்டாவது கூட்டத்துக்குத்தான் அவசரம் என்றாலும் வரிசைப்படியே போகிறேன்.

கேள்வி: சார், நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு. பவளத் தொட்டிக்கு 20 லிட்டரில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். சின்னது என்றால் சுலபம்தானே?

பதில்: சின்னதுதான் சிரமம். கணக்குப் போட்டே காட்டுகிறேன். கடல் தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. 400 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் ஆவியாகிப் போனால் அது 35.4 ஆகும், மீனுக்குத் தெரியவே தெரியாது. 20 லிட்டர் தொட்டியில் அதே 4 லிட்டர் போனால் கிட்டத்தட்ட 44. பவளம் சுருங்கிவிடும். வெப்பமும் அப்படித்தான், கழிவும் அப்படித்தான். தண்ணீர் குறைவாக இருந்தால் எந்தத் தப்பும் வேகமாகப் பெரிதாகும்.

முதல் தொட்டிக்கு 60 முதல் 100 லிட்டர் என்பேன். என்னுடையது 75. இதற்கு மேல் போனால் செலவு எகிறும், கீழே போனால் தினமும் காவல் காக்க வேண்டும். 80 லிட்டர் தொட்டி தண்ணீர், பாறை, மணல் எல்லாம் சேர்ந்து நூறு கிலோவைத் தாராளமாகத் தாண்டும். புத்தக அலமாரியின் மேல் வைக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சமதளமான, உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது. ஒருமுறை நிரப்பிய தொட்டியை நகர்த்த முடியாது என்பதால் இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஒயர் விஷயம் ஒன்று. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். ஒயர் வழியாக ஒழுகும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கரும் அவசியம்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் அடிக்கடி போவேன். கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்தால் போதாதா? இல்லாவிட்டால் சமையல் உப்பைக் கரைத்துக்கொள்ளலாமா?

பதில்: சமையல் உப்பு கூடவே கூடாது. அது கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. கடலில் கரைந்திருப்பதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறக்குறைய 85 சதவீதம்தான். மீதியில்தான் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட், பைகார்பனேட் எல்லாம் இருக்கின்றன. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது அந்தக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் வைத்து. சமையல் உப்புத் தண்ணீரில் அதற்குச் செங்கல்லும் இல்லை, சிமென்ட்டும் இல்லை.

கடல் தண்ணீர் நல்லதுதான், ஆழ்கடலில் எடுத்தால். கரையோரத் தண்ணீரில் சாக்கடை, படகு எண்ணெய், மழைக்குப் பிறகு ஆற்றிலிருந்து வரும் உரம் எல்லாம் கலந்திருக்கும். போன வாரம் நன்றாக இருந்த இடம் இந்த வாரமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் இந்த வம்பே வேண்டாம். பவளத் தொட்டிக்கென்றே விற்கும் செயற்கைக் கடலுப்பை வாங்குங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 38 கிராம் பிடிக்கும். பாக்கெட்டில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். வாளியில் உப்பைக் கொட்டி அதன் மேல் தண்ணீர் ஊற்றினால், உப்பு அடர்ந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து வெள்ளையாக அடியில் படியும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் அது திரும்பக் கரையாது. சின்ன மோட்டாரை வாளியில் போட்டுச் சில மணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் தொட்டியோடு ஒத்துவந்த பிறகு அளந்து பாருங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி (வெறும் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்ற எண்) 1.025 முதல் 1.026 இருக்க வேண்டும். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி அது. அதை வெறும் தண்ணீரை வைத்துச் சரிபார்ப்பதைவிட, 35 என்று குறித்து விற்கும் அளவுத் திரவத்தால் சரிபார்ப்பது நம்பகம்.

இதற்கெல்லாம் அடிப்படைத் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது. அதில் குளோரினோ குளோரமினோ இருக்கும், பாஸ்பேட் இருக்கும், செப்புக் குழாய் என்றால் செம்பும் இருக்கும். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. போதுமா என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். பெரும்பாலும் போதாது. குடிநீர் கருவிகள் ருசிக்காகக் கொஞ்சம் தாதுக்களை விட்டுவைக்கும், சில திரும்பச் சேர்க்கவும் செய்யும். அதற்குப் பிறகு, மிச்சம் கரைந்திருப்பதைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் ஒன்றையும் தாண்டி வந்து, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சைபர் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். இதைத்தான் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர் என்பார்கள்.

கேள்வி: பாறை, மணல் வைத்து, தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஆகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. மீன் விடலாமா? கடைக்காரர் விடலாம் என்கிறார்.

பதில்: கடைக்காரருக்கு மீன் விற்க வேண்டும், சொல்லத்தான் செய்வார். நீங்கள் விடாதீர்கள்.

பளிங்குத் தண்ணீர் எதையும் சொல்லாது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அது வருகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டோடு பவளத் தொட்டி ஓரளவு குடும்பம் நடத்திவிடும், மற்ற இரண்டோடும் முடியாது. இந்தப் பாக்டீரியாக்கள் பாறையின் நுண்துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

நன்னீர் வளர்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமிலமா காரமா என்று காட்டும் எண்ணான பி.எச். கடல் தண்ணீரில் 8.1லிருந்து 8.3 வரை. பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் விஷ வடிவத்தில் இருக்கும் பங்கு இங்கே பத்து மடங்குக்கும் மேல். அங்கே மீன் தாங்கியது இங்கே தாங்காது.

செய்ய வேண்டியது இது. இந்த வேலைக்கென்று விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலை, சோதனையில் அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) காட்டும் வரை சேருங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுங்கள், கொஞ்சம் நாறும். மீனை விட்டு அதன் கழிவால் தொட்டியைப் பழக்கும் பழைய வழக்கம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்காது. அந்த மீன் செவுள் எரியச் செத்துத்தான் நமக்குப் பாக்டீரியா தருகிறது. பாட்டிலில் வரும் பாக்டீரியாவும் சேர்க்கலாம், வேகம் கூடும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். நைட்ரைட் ஏறி, உச்சிக்குப் போய், அங்கேயே சில நாள் உட்கார்ந்துகொண்டு பொறுமையைச் சோதிக்கும். பிறகு ஒரே நாளில் மடமடவென்று இறங்கும். இப்போது மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா சேர்த்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சைபருக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிட்டு ஒரு மீன் விடலாம். ஒன்றே ஒன்று. அடுத்ததற்கு இரண்டு மூன்று வாரம் போகட்டும். அந்த அளவுக்குக் கழிவைச் சமாளிக்கப் பாக்டீரியாவும் பெருக வேண்டும் அல்லவா?

பாறையை மணலுக்கு மேல் வைத்தீர்களா, அடிக்கண்ணாடி மேல் வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மணல் மேல் என்றால், தொட்டியில் மீன் இல்லாத இப்போதே எடுத்து அடிக்கண்ணாடி மேல் மாற்றிவிடுங்கள். கோபி மீனும் பிஸ்டல் இறாலும் மணலைத் தோண்டும், பாறை சரியும்.

கேள்வி: இரண்டு மாதத் தொட்டி. மணல், கண்ணாடி எல்லாம் பழுப்பாகப் படிகிறது. தினமும் துடைத்தாலும் மறுநாள் வந்துவிடுகிறது.

பதில்: விரலால் தொட்டால் தூசி போல உதிர்கிறதா? அப்படியென்றால் டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டி எல்லாவற்றுக்கும் வரும் பருவம் இது. தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவைத் தின்று வளர்ந்து, அது தீர்ந்ததும் தானே போய்விடும். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் ஒருமுறை பாருங்கள், டி.ஐ. ரெசின் முடிந்துபோயிருக்கலாம். ட்ரோக்கஸ் அல்லது செரித் நத்தை நாலைந்து விடுங்கள், கண்ணாடியில் கோலம் போட்டதுபோல மேய்ந்துவிட்டுப் போகும்.

தூசியாக இல்லாமல் கோழை போல நூல் நூலாகத் தொங்குகிறதா? நுனியில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறதா? ராத்திரி குறைந்து பகலில் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிர். இதற்கு மருந்து தலைகீழ். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒட்டத் துடைத்த தொட்டியில்தான் இது தலைதூக்கும். தண்ணீரைச் சுத்தமாக்குகிறேன் என்று மேலும் மேலும் மாற்றினால் அதற்குக் கொண்டாட்டம். சோதித்துப் பார்த்து இரண்டும் சைபர் என்றால் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இதில் சில வகைகளுக்கு விஷம் உண்டு, மேய்ந்த நத்தை செத்துப்போகும். அதனால் நத்தை வாங்கும் முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என்னுடையது 60 லிட்டர். தண்ணீர் வற்றினால் அளவு பார்த்துச் சரியாக 1.025 உப்புத் தண்ணீரே ஊற்றுகிறேன். அப்படியும் நத்தைகள் ஓட்டுக்குள் போய் மூடிக்கொள்கின்றன. பவளம் விரியவில்லை.

பதில்: உங்கள் அக்கறைதான் தொட்டியைக் கெடுக்கிறது. இப்போதே ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துப் பாருங்கள், 1.030ஐத் தாண்டியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. 60 லிட்டரில் சுமார் 2.1 கிலோ உப்பு இருக்கிறது. 4 லிட்டர் வற்றி, அதற்குப் பதில் 4 லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றினால் 140 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்கிறது. இதை மாதக்கணக்கில் செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வற்றியதற்கு உப்பில்லாத ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர். பழைய தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும் உப்புத் தண்ணீர்.

சரி, இப்போது இறக்குவது எப்படி? பதறி ஒரே நாளில் இறக்காதீர்கள். ஏறியது மெதுவாக, இறங்குவதும் மெதுவாகவே இருக்கட்டும். தினமும் ஒன்றிரண்டு லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு உப்பில்லாத தண்ணீரை ஊற்றி, ஒப்படர்த்தி நாளுக்கு 0.001க்கு மேல் குறையாமல் கொண்டு வாருங்கள்.

இனிமேல் வராமல் இருக்க, தண்ணீர் மட்டத்தில் வெளிக்கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டுங்கள். தினமும் காலையில் அந்தக் கோட்டுக்கு ஊற்றினால் போதும். தானாக நிரப்பும் கருவியும் உண்டு. இந்த அளவுத் தொட்டிக்கு அது ஆடம்பரம் கிடையாது, விளக்குக்குப் போடும் காசில் கொஞ்சம் இதற்கு ஒதுக்கலாம். ஒரே எச்சரிக்கை: அதன் தண்ணீர் டப்பாவைப் பெரிதாக வைக்காதீர்கள். சென்சார் என்றாவது ஒட்டிக்கொண்டு, நிற்காமல் ஊற்றும். 5 லிட்டர் டப்பா முழுதும் காலியானால் உப்பு 35லிருந்து 32 அளவுக்கு இறங்கும், பிழைத்துக்கொள்ளும். 25 லிட்டர் டப்பா என்றால் தரையும் போச்சு, தொட்டியும் போச்சு.

கேள்வி: சின்னத் தொட்டிக்கு புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி) அவசியமா?

பதில்: இல்லை. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். 60 லிட்டருக்கு 6 லிட்டர், ஒரு வாளி. கல் போன்ற எலும்புக்கூடு கட்டாத மென்பவளம் மட்டும் வைத்திருந்தால் கால்சியமும் காரத்தன்மையும் அந்த வாளியிலேயே வந்து சேர்ந்துவிடும். அந்தக் காசுக்கு, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டாரான பவர்ஹெட் நல்லதாக வாங்குங்கள். தொட்டிக் கொள்ளளவைப் போல 20 மடங்காவது மணிக்குத் தள்ள வேண்டும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா தொட்டி வைத்திருக்கிறார், 90 லிட்டர். எனக்கு ஆரஞ்சு கோமாளி மீன், அதற்குக் கடல் சாமந்தி, அப்புறம் நீல டேங் மீன் மூன்றும் வேண்டும். அப்பா உங்களிடம் கேட்கச் சொன்னார்.

பதில்: தம்பி, கோமாளி மீன் உண்டு. ஒசெல்லாரிஸ் வகையில் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த குஞ்சு இரண்டாக வாங்கச் சொல். எல்லாம் ஆணாகத்தான் வளரும். இரண்டில் பெரியது பெண்ணாக மாறி, சின்னதை அதட்டி வைத்துக்கொள்ளும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

சாமந்தி இப்போது வேண்டாம், அது பூ மாதிரி இருக்கும் ஒரு பிராணி. தொட்டிக்கு ஒரு வயதாகட்டும். அதற்கு நல்ல வெளிச்சமும் ஏறி இறங்காத தண்ணீரும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் பாதத்தைக் கழற்றிக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும். ராத்திரி நடந்து பவர்ஹெட்டுக்குள் போய்விட்டால், காலையில் தொட்டி முழுக்க அதன் துண்டும் விஷமும்தான். சாமந்தி இல்லாமலும் கோமாளி சந்தோஷமாக இருக்கும். என் வீட்டு ஜோடி ஒரு லெதர் பவளத்தைப் பிடித்துக்கொண்டு யாரையும் பக்கத்தில் விடுவதில்லை, கண்ணாடி துடைக்கும் என் கையைக்கூட.

நீல டேங் கூடவே கூடாது. கடையில் உன் கட்டைவிரல் அளவில் இருக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை, உன் ஸ்கேல் நீளம். உன் தொட்டியில் அதற்குத் திரும்பக்கூட இடம் இருக்காது. மாண்டரின் மீனையும் கேட்பாய் என்று நினைக்கிறேன். அது கோபிபாட் என்ற பூச்சி போன்ற சின்ன உயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். சின்னத் தொட்டியில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும், மீன் பட்டினி கிடந்து சாகும். அதுவும் வேண்டாம்.

கேள்வி: முதல் பவளமாக எதை வைக்கலாம்? பவளத்தின் உறவான ஸோவாந்திட் அழகாக இருக்கிறது, ஆனால் விஷம் என்கிறார்களே?

பதில்: என் ஓட்டு காளான் பவளத்துக்கு. வெளிச்சம் குறைந்தாலும் முகம் சுளிக்காது, நைட்ரேட் கொஞ்சம் கூடினாலும் வளரும். லெதர், கென்யா மரம் ஆகிய பவளங்களும் சரி. பச்சை நட்சத்திரப் பாலிப் வைத்தால் தனிக் கல்லில், மற்ற பாறையைத் தொடாமல் வையுங்கள். விட்டால் பாய் விரித்துவிடும். ஸீனியா என்ற பவளம் என் தொட்டிக்குள் வராது, அதன் பரவலைக் களையெடுத்து மாளாது.

ஸோவாந்திட் விஷயம் உண்மை. சிலவற்றில், குறிப்பாக அதன் உறவான பாலிதோவாவில், பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கலாம். தொட்டியில் இருக்கும்வரை பயமில்லை. ஆபத்து வெட்டும்போதும், தேய்க்கும்போதும், முக்கியமாகக் கொதிக்க வைக்கும்போதும். பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றி, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. பாறையை ஒருநாளும் கொதிக்க வைக்காதீர்கள். பவளத்தைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், கையில் காயம் இருந்தால் தொடாதீர்கள். பிறகு காய்ச்சல், மூச்சுத்திணறல், வாயில் உலோகச் சுவை எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போய், பவளத்தைத் தொட்டேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

வாங்கும்போது தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாகப் பார்த்து வாங்குங்கள். கல் பவளங்கள் அத்தனையும், அரிய உயிரினங்களின் நாடுகளுக்கிடையேயான வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அங்குள்ள சட்டத்தை விசாரித்துவிட்டு வாங்குங்கள். கடலில் முங்கி நீங்களே உடைத்து எடுப்பது என்ற பேச்சே வேண்டாம். புதுத் துண்டை முதலில் அடியில் மணலில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. திடீரென்று வெளிச்சம் கூடினால் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும்.

கேள்வி: மீன் உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். செம்பு மருந்து வாங்கி வந்துவிட்டேன். தொட்டியில் ஊற்றட்டுமா?

பதில்: பாட்டிலை மூடி வையுங்கள்! செம்பு நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொல்லும். பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் கசியவிடும்.

இது பெரும்பாலும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. மீன்களை எல்லாம் பாறையும் மணலும் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றி, அங்கே செம்பு கொடுங்கள். செம்பு அளவைச் சோதிக்கும் கிட் இல்லாமல் கொடுக்காதீர்கள், குறைந்தால் பலிக்காது, கூடினால் மீன் போய்விடும். பெரிய தொட்டியை மீனே இல்லாமல் விட்டுவிடுங்கள். 76 நாள் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. ஒட்டுண்ணிக்கு மீன் உடம்பு கிடைக்காமல் அது அழிந்துவிடும். பவளத்தையும் நத்தையையும் அது தொடாது. இனி வாங்கும் ஒவ்வொரு மீனையும் குறைந்தது நாலு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

கேள்வி: பத்து நாள் வெளியூர் போக வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். என்னென்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

பதில்: தீனி டப்பாவை ஒளித்து வைத்துவிட்டுப் போங்கள். நல்ல மனுஷர்கள்தான் அதிகம் போடுவார்கள், மீன் பார்க்கிற பார்வை அப்படி. இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதிக் கொடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் பரவாயில்லை என்றும் சொல்லுங்கள்.

அவர் முக்கியமாகச் செய்ய வேண்டியது டேப் கோடு வரை தண்ணீர் ஊற்றுவது. ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர் கேன்களை மட்டும் வெளியே வையுங்கள், உப்புத் தண்ணீர் வாளியை அவர் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். மின்சாரம் போனால் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைப் பொருத்திவிடுங்கள். வெப்பம் குறைந்து மீன் சாகும் முன் ஆக்சிஜன் குறைந்துதான் சாகும். ஹீட்டர் அணையாமல் ஒட்டிக்கொண்டு தண்ணீரை அளவுக்கு மேல் சூடாக்கிவிடலாம், அதனால் தெர்மாமீட்டர் 24க்கும் 27க்கும் நடுவில் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லுங்கள். 28ஐத் தாண்டினால் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். எந்தப் பிளக் என்று அதன் மேலேயே எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.